பால் கணக்குக்குக் கீழே ஒரு வரி

கேள்வி:

தாராபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். ரெண்டு கறவை மாடு, ஒன்றரை ஏக்கர் முருங்கை, கொஞ்சம் தீவனச் சோளம். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். வயது முப்பத்தெட்டு.

வருசா வருசம் உரக்கடையில் புது டைரி கொடுப்பார்கள். ஜனவரி ஒண்ணாந்தேதி ஆசையாக எழுத ஆரம்பிப்பேன். பொங்கல் நோம்பிக்கு ஒரம்பரை வந்துவிட்டால் நாலு நாள் விட்டுப்போகும். அப்புறம் அந்த வெறும் பக்கங்களைப் பார்த்தாலே எழுத மனசு வராது. மாசக் கடைசியில் அந்த டைரி மளிகைச் சீட்டு எழுதுகிற நோட்டாகிவிடும். சொசைட்டிக்கு ஊற்றுகிற பால் கணக்கை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. அதற்குத் தனி நோட்டு வைத்திருக்கிறேன்.

எனக்குச் சில சந்தேகங்கள். விடியால எழுந்து சாணி அள்ளுவது, பால் பீச்சுவது, சமைப்பது, தண்ணி கட்டுவது என்று எல்லா நாளும் ஒரே மாதிரி போகிறது. இதில் என்னத்தை எழுதுவது? 21 நாள் விடாமல் எழுதினால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, அது நிஜமா? பொழுது சாய்ந்தால் உடம்பு அடித்துப் போட்டாற்போல் ஆகிவிடுகிறது. எந்த நேரம் எழுதலாம்? வீட்டில் மாமியார், மகள், வீட்டுக்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். மனசில் இருப்பதை எழுதி, யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? செல்போனிலேயே எழுதிக்கொள்ளலாமா?

மாமனார் காலமாகி ஆறு வருசமாகிறது. அவர் எழுதிய பண்ணையக் கணக்கு நோட்டுகள் அட்டாலியில் கிடக்கின்றன. அவருக்கு வந்த பழக்கம் எனக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

– வாசகி, தாராபுரம்

பதில்:



எழுதும் பழக்கம் வரவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அதே கடிதத்தில், பால் கணக்கை ஒருநாளும் விட்டதில்லை என்றும் சொல்கிறீர்கள். மழையானாலும் நோம்பியானாலும், காய்ச்சலில் படுத்தாலும், தேதி போட்டுக் காலை எத்தனை லிட்டர், மாலை எத்தனை லிட்டர் என்று எழுதிவருகிறீர்கள். இதற்குப் பெயர்தான் தினமும் எழுதும் பழக்கம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இனி புதிதாக ஒரு பழக்கத்தை உண்டாக்க வேண்டியதில்லை. இருக்கிற பழக்கத்தோடு இன்னும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும். நான் சொல்லப்போவதன் சாரம் இவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை உங்கள் சந்தேகங்களின் வரிசையிலேயே சொல்கிறேன்.

டைரி ஏன் நிற்கிறது, பால் கணக்கு ஏன் நிற்பதில்லை?

பால் நோட்டைத் திறந்ததும் என்ன எழுதுவது என்ற யோசனையே வராது. மூன்று கட்டம்: தேதி, காலை, மாலை. கேள்வி தெரியும், பதிலும் தெரியும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். உரக்கடை டைரி அப்படியில்லை. ஒரு நாளுக்கு ஒரு முழுப் பக்கத்தை நீட்டுகிறது, கேள்வி எதையும் கேட்பதில்லை. வேலை முடித்துக் களைத்து உட்காரும் ஒருவர், அந்த வெறும் பக்கத்தின் முன்னால் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. அழகாக எழுத வேண்டும், நல்லதாக ஏதாவது நடந்திருக்க வேண்டும் என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. நாலு நாள் விட்டுப்போனால் நாலு பக்கம் குற்றம் சொல்கிறது. இந்த நிலையில் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். உங்கள் மன உறுதியில் குறை ஒன்றும் இல்லை.

ஆகவே முதல் வேலை, எழுத உட்காருவதற்கு முன்பே கேள்விகளை முடிவு செய்துவிடுவது. நாள்தோறும் அதே கேள்விகள். பதில் மட்டும் மாறும்.

இதைச் செய்துகாட்டியவர் ஒருவர் உங்கள் தாராபுரம் வழியாகவே போயிருக்கிறார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கொங்குப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அப்போது கோயம்புத்தூர்ச் சீமையை இரண்டாகப் பிரித்து, வடக்குப் பகுதிக்குப் பவானியையும் தெற்குப் பகுதிக்குத் தாராபுரத்தையும் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளைகிறது, மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பார்த்து எழுதிவர, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஒரு மருத்துவரை அனுப்பினார். அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, மைசூர், கொங்கு, மலபார், கன்னடக் கரை என்று ஓராண்டுக்கும் மேல் சுற்றினார். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதினார். அந்த நாட்குறிப்பு 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக அச்சாகி வந்தது.

புக்கானன் இலக்கியம் எழுதவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார். இன்று எவ்வளவு தூரம் வந்தேன்? மண் என்ன நிறம்? தண்ணீர் ஆற்றிலிருந்தா, கிணற்றிலிருந்தா? என்ன விதைத்திருக்கிறார்கள்? என்ன விலை போகிறது? நெசவு செய்பவருக்கு என்ன கூலி? மாடு எப்படி? பதில் கிடைத்ததும் எழுதிவைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். இருநூறு வருடங்களுக்கு முன்பு கொங்கு நாட்டுக் குடியானவர் எப்படி வாழ்ந்தார் என்று தேடுகிற ஆய்வாளர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். கிழக்கிந்தியக் கும்பினிக்காக வந்த ஒரு வெளியூர்க்காரர், சில நாள் தங்கிவிட்டுப் போகிற வழியில் எழுதியது அவ்வளவு பயன்படுகிறது. அந்த மண்ணிலேயே தினமும் காலை வைத்து நடக்கிற உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்ததைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறதே, என்னத்தை எழுதுவது?

ஒரே மாதிரி இருப்பதையே எழுதுங்கள். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய நாட்குறிப்பு அப்படி எழுதப்பட்டதுதான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. பிறந்தது 1709-இல், சென்னைப் பெரம்பூரில். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை, கால் நூற்றாண்டு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, துணி என்ன விலை, கவர்னர் இன்று என்ன மனநிலையில் இருந்தார், யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு என்ன வெகுமதி, ஊருக்குள் என்ன பேச்சு என்பவைதான் அவர் எழுதியவை. பேச்சுநடையும் அயல்மொழிச் சொற்களும் கலந்த, அன்றாடத் தமிழில்தான் எழுதினார்.

அவர் காலமாகி எண்பத்தைந்து வருடங்கள் கழித்து, 1846-இல், கலுவா மோம்பிரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி அந்தக் குறிப்புகளைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை எழுதும்போது அந்த நாட்குறிப்பைத்தான் அடித்தளமாகக் கொண்டார். பிள்ளைக்குச் சாதாரணமாகப் பட்ட சங்கதிகள்தான் இன்று வரலாறாக நிற்கின்றன.

உங்கள் நோட்டுக்கு நான்கு கேள்விகள் சொல்கிறேன். பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் முடிவு செய்தபின் ஆறு மாதமாவது மாற்றாதீர்கள்.

ஒன்று: வானமும் தண்ணீரும் இன்று எப்படி? மழை எத்தனை உழவு, வாய்க்காலில் தண்ணி வந்ததா, கிணற்றில் எத்தனை அடி, காற்று எந்தத் திக்கிலிருந்து.

இரண்டு: என்ன வேலை, என்ன வரவு, என்ன செலவு? பெரிய கணக்கு வேண்டாம். முருங்கை கிலோ என்ன விலைக்குப் போயிற்று, ஆளுக்கு என்ன கூலி, தவிட்டு மூட்டை என்ன விலை என்பது போதும்.

மூன்று: இன்று யாரைப் பார்த்தேன், யாரிடம் பேசினேன்?

நான்கு: நேற்று இல்லாமல் இன்று மட்டும் நடந்தது எது?

நான்காவது கேள்விதான் உயிர். எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றுவது, அந்தக் கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளாததால்தான். கேட்டுப் பழகினால், சாயங்காலம் நெருங்கும்போதே மனசு தானாக விடை தேட ஆரம்பிக்கும். வேலிக் கிளுவையில் புதிதாக ஒரு குருவிக்கூடு, மாமியார் சொன்ன பழைய கதை, மாடு புதுத் தீவனத்தை மோந்துவிட்டு ஒதுங்கியது என்று ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். நாட்குறிப்பு எழுதுகிறவருக்கு முதலில் கிடைக்கும் லாபம் இந்தக் கவனம்தான்.

எப்படி எழுதுவது என்பதற்கு நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரியைத் தருகிறேன்:

வியாழன். காலை 6, மாலை 4½. வடக்கே கருத்தது, பெய்யவில்லை. முருங்கைப் பூ கொட்டுகிறது. பாப்பாவுக்குக் கணக்குப் பரீட்சை. வந்ததும் ஒன்றும் பேசவில்லை.

வெள்ளி. காலை 6, மாலை 5. இரவு அரை உழவு மழை. வெள்ளை மாட்டுக்குச் சினை ஊசி போட்டது. விடியால பாப்பா தானாகவே சொன்னாள், ரெண்டு கணக்கு விட்டுவிட்டாளாம். ரெண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

இதில் வருத்தம், பயம், நிம்மதி என்ற வார்த்தைகள் எதுவும் இல்லை. ஆனால் ஒரு தாய் ஒரு ராத்திரி முழுக்கப் பட்ட கவலையும், காலையில் அது இறங்கியதும் இந்த வரிகளில் இருக்கின்றன. எழுதத் தெரிந்தவர்கள்தான் டைரி எழுத முடியும் என்று நினைக்காதீர்கள். நடந்ததை நடந்தபடி, வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதினால் உணர்ச்சி தானாக வந்து உட்காரும். ‘விடியால’, ‘ஒரம்பரை’, ‘நோம்பி’ என்றே எழுதுங்கள். பாட நூல் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

இதில் கைமேல் பலனும் உண்டு. சினை ஊசி போட்ட தேதி நோட்டில் இருந்தால், இருபத்தோராம் நாளை ஒட்டி மாடு மறுபடி பருவத்துக்கு வருகிறதா என்று கவனிக்கலாம். சினை நின்றுவிட்டால் ஏறத்தாழ 280 நாளில் கன்று. அதற்கு இரண்டு மாதம் முன்னால் கறவையை வற்றவிட வேண்டும். தேதி தெரியாமல் ஞாபகத்தை நம்பினால் ஒரு பருவம் தவறும். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத்துத் தீவனமும் பாலும் நட்டம். முருங்கை விலையும் இப்படித்தான். எந்த மாதத்தில் ஏறுகிறது, எப்போது விழுகிறது என்பதை மூன்று வருடத்து நோட்டு உங்களுக்குச் சொல்வதுபோல் எந்த வியாபாரியும் சொல்லமாட்டார்.

21 நாள் கணக்கு நிஜமா?

இல்லை. அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர் 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தாம் கவனித்ததை அதில் சொன்னார். கைமாறிக் கைமாறி, ‘குறைந்தது’ என்பது உதிர்ந்து, 21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று ஆகிப்போனது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் இதை முறையாகச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். 96 பேர் ஆளுக்கு ஒரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்துகொண்டு, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், உதாரணமாகக் காலைச் சாப்பாடு முடிந்ததும், 12 வாரம் செய்தார்கள். யோசிக்காமலே கை போகும் அளவுக்குப் பழக்கம் ஊறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிது: கணக்கின்படி ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள்.

அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று இருக்கிறது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அடுத்த நாள் தொடர்ந்தவர்களுக்குப் பழக்கம் ஊறத்தான் செய்தது. பொங்கலுக்கு நாலு நாள் விட்டதால் உங்கள் டைரி கெடவில்லை. ஐந்தாம் நாள் எழுதாததால்தான் நின்றது.

ஆகவே, விட்டுப்போன நாள்களுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னோக்கிப் போய் நிரப்பாதீர்கள். இன்றைய தேதியைப் போட்டு, ‘நோம்பி, நாலு நாள் எழுதவில்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தொடருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் இன்று கிடைக்காத நாள்கள் பல உண்டு. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை.

இதற்காகவே, தேதி அச்சிட்ட டைரியை விட்டுவிடும்படி சொல்வேன். அதில் விட்டுப்போன நாள் ஒவ்வொன்றும் வெறும் பக்கமாக முறைத்துப் பார்க்கும். கோடு போட்ட சாதாரண நூறு பக்க நோட்டு வாங்குங்கள். அல்லது இப்போதிருக்கும் பால் நோட்டிலேயே ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி கூடுதலாக இடம் விடுங்கள். நீங்கள் தேதி போடுகிற நாள்தான் அதில் இருக்கும். வெற்றிடம் என்ற பேச்சே இல்லை.

எந்த நேரம்?

நேரத்தைக் கடிகாரத்தில் வைக்காதீர்கள். வேலையோடு முடிச்சுப் போடுங்கள். ‘ராத்திரி ஒன்பது மணிக்கு எழுதுவேன்’ என்ற திட்டம், ஒரம்பரை வந்த அன்றும் கரண்ட் போன அன்றும் உடைந்துவிடும். ‘சாயங்காலப் பால் கணக்கை எழுதிய கையோடு எழுதுவேன்’ என்பது உடையாது. ஏனென்றால், என்ன நடந்தாலும் மாட்டைக் கறக்கத்தான் போகிறீர்கள். லாலியின் ஆய்வில் இருந்தவர்கள் செய்ததும் இதுவே.

பேனாவை நோட்டோடு நூல் கட்டித் தொங்கவிடுங்கள். நோட்டு பீரோவுக்குள் போகக் கூடாது. கட்டுத்தரையிலிருந்து வந்து கை கழுவிவிட்டு உட்காரும் இடத்தில், கைக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும். பேனாவைத் தேடுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பலருடைய நாட்குறிப்பு நின்றுபோயிருக்கிறது.

முதல் இரண்டு மாதம், நான்கு கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு ஒரு வரி எழுதினால் போதும். நிறைய எழுதத் தோன்றினாலும் அந்த ஒரு வரியோடு மூடிவிடுங்கள். தினமும் கை நோட்டுக்குப் போவதுதான் இப்போதைக்குக் குறி. அது ஊறிவிட்டால் எவ்வளவு எழுதினாலும் உங்கள் விருப்பம்.

படுத்தால் நாளைய வேலைகள் மனசில் சுற்றித் தூக்கம் வராதவராக இருந்தால், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றையும் கடைசியில் குறித்துவையுங்கள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் வரப்போகும் வேலைகளைப் பட்டியல் போட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய சோதனைதான். ஆனாலும் நம் வீட்டுப் பெண்கள் தலைக்குள் சுமக்கிற வேலைப் பட்டியலின் நீளத்தைப் பார்த்தால், அதைத் தாளில் இறக்கிவைப்பது நல்லதென்றே எனக்குப் படுகிறது.

யாராவது படித்துவிட்டால்?

இந்தப் பயம் நியாயமானது. கூட்டுக் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பூட்டு வைத்த அலமாரி கிடைப்பதே அரிது. ‘மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுங்கள்’ என்று அறிவுரை சொல்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை. நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் எழுதாமல் போனதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தப் பயமே காரணம்.

அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். தினசரி நோட்டு வேறு, மனக்கொதிப்பை எழுதும் தாள் வேறு. தினசரி நோட்டில் நடந்தது மட்டும் இருக்கட்டும். அதை யார் எடுத்துப் படித்தாலும் உங்களுக்குக் கேடு வராது. ‘அத்தை இன்று சாப்பிடவில்லை’ என்று எழுதலாம். ஏன் சாப்பிடவில்லை, அதற்கு முன் என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கு ஞாபகம் வர அந்த ஒரு வரி போதும்.

மனசு கொதிக்கிற நாளில் தனித் தாள் ஒன்றை எடுத்து, எழுத்துப் பிழை, ஒழுங்கு எதையும் பார்க்காமல் கால் மணி நேரம் எழுதுங்கள். எழுதி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை வாட்டிய ஒரு சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனக் கனம் கூடத்தான் செய்தது. ஆனால் நடந்ததையும் அதனால் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைந்தது. இப்படி எழுதுவது எப்போதாவது செய்ய வேண்டியது. தினசரிப் பழக்கமாக வேண்டாம். அதே காயத்தை நாள்தோறும் கிளறினால் ஆறாது.

எழுதியும் பாரம் இறங்காமல், வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல் போனால், அதை எழுத்தால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மனஸ் மனநல உதவி கிடைக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் நோட்டை மற்றவர்கள் எடுக்கக் கூடாது என்று நினைப்பதுபோல், உங்கள் மகள் எழுதுவதை நீங்களும் எடுத்துப் பார்க்காதீர்கள். பிளஸ் டூவை நெருங்கும் வயதில் பிள்ளைகள் எழுத ஆரம்பிப்பார்கள். அம்மா படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்தப் பழக்கம் அவர்களிடம் நிலைக்கும்.

செல்போனா, நோட்டா?

எதில் தினமும் எழுதுவீர்களோ அதில் எழுதலாம். உங்கள் நிலைமைக்கு நோட்டுதான் நல்லது என்பேன். செல்போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப் இழுக்கும். எழுத வந்ததே மறந்துபோகும். போன் பழுதானாலும் மாற்றினாலும் எழுதியது போய்விடக்கூடும். நோட்டுக்கு இருக்கும் பகை தண்ணீரும் கரையானும்தான். நல்ல பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். முடிந்த நோட்டின் மேல் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று பெரிதாக எழுதி, ஒரு தகர டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், மாதம் ஒருமுறை அந்த மாதத்துப் பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும். மாதம் பிறந்ததும் சென்ற மாதத்தைப் படியுங்கள். ஒரு வருடம் ஆனபின், எழுதும் முன் சென்ற வருடம் இதே தேதியில் என்ன எழுதினோம் என்று பாருங்கள். நிறையப் பேர் எழுதி எழுதிச் சலித்து நிறுத்துவது, திரும்பிப் படிக்காததால்தான். போன ஆடியில் கிணறு எத்தனை அடி இருந்தது, மகள் அப்போது எதற்குச் சிரித்தாள் என்று படித்துப் பார்த்தவர் இன்றைக்கு எழுதாமல் இருக்கமாட்டார்.

உங்கள் மாமனாருக்கு எப்படி வந்தது?

அவர் ‘டைரி எழுதுகிறேன்’ என்று நினைத்து எழுதியிருக்கமாட்டார். கணக்கு எழுதினார். கொங்கு நாட்டுப் பண்ணையக் கணக்கு நோட்டுகளில், ஆள் கூலிக்கும் விதைச் செலவுக்கும் நடுவே, ‘இன்று நல்ல மழை’, ‘கிணறு வெட்டப் பூஜை போட்டது’, ‘பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்தான்’ என்ற மாதிரி வரிகள் வருவதுண்டு. எழுதியவருக்கு அது கணக்கின் ஒரு பகுதி. தேவையிலிருந்து பிறந்த பழக்கம் என்பதால்தான் அவரிடம் நிலைத்தது. உங்கள் பால் கணக்கும் அதே தேவையிலிருந்து பிறந்தது.

அந்த நோட்டுகளை அட்டாலியிலிருந்து இறக்கித் தூசி தட்டி, வெயில் படாத இடத்தில் காற்றாட வைத்து, உலர்ந்த டப்பாவில் வேப்பிலையோடு போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். மாமனார் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் உள்ள கதை இப்போது அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் இதே வேண்டுகோள். அரசர்களைப் பற்றிக் கல்வெட்டு இருக்கிறது. ஒரு குடியானவக் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு, அந்தக் குடும்பமே எழுதிய இந்த நோட்டுகளைப் போன்ற சாட்சி மிகக் குறைவு. பெண்கள் எழுதியவை அதிலும் அரிது. அதனால்தான் நீங்கள் எழுத வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புது வருடத்துக்கோ புது டைரிக்கோ காத்திருக்க வேண்டாம். இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிற நாள் எதுவானாலும், அன்று சாயங்காலம் பாலின் அளவை எழுதியபின் பேனாவை மூடாமல் இன்னும் ஒரு வரி எழுதுங்கள். மறுநாளும் ஒரு வரி. அறுபது, எழுபது நாள் கழித்து அது பழக்கமாகிவிட்டதா என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். ஆகியிருக்கும் என்றே நம்புகிறேன்.